ஒரு தீவு, ஒரு வாரப் பத்திரிகை, ஒரு மண்வெட்டி

ஊருக்குன்னு சொந்தமா ஒரு பத்திரிகை வேணும்கிறது என் கட்சி. மாவட்டச் செய்திப் பக்கத்துல எங்க ஒன்றியத்துக்கு நாலு வரி ஒதுக்குறதைச் சொல்லலைங்க. உள்ளூர்லயே உட்கார்ந்து, நிலம் யார் கையில இருக்கு, அதை வச்சு என்ன பண்றாங்கன்னு பேர் சொல்லி எழுதுற பத்திரிகையைச் சொல்றேன். அப்படி ஒண்ணு இருந்தா என்ன நடக்கும்னு தெரியணும்னா, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிற ஸ்கை தீவைப் பாருங்க.

அங்கே ரொம்ப காலமா நிலமெல்லாம் ஒரு சில பிரபுக்கள் கையில். 19ஆம் நூற்றாண்டில் ஆடு வளர்த்தால் லாபம் அதிகம் என்று குத்தகைக் குடிகளை ஊர் ஊராகக் காலி பண்ணினார்கள். 1882இல் பிரேஸ் என்ற ஊர்க்காரர்கள் பறிபோன மேய்ச்சல் மலையைத் திருப்பிக் கேட்டார்கள். கிளாஸ்கோவிலிருந்து போலீஸ் வந்து இறங்கியது. பொம்பளைங்க கல்லெடுத்து நின்னாங்க. அடுத்த வருஷம் விசாரணைக் கமிஷன், 1886இல் சட்டம்: குத்தகைக்காரனை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது, நியாயமான வாரம்தான் வாங்கணும்.

இது தானா நடந்துடலை. 1873லேயே ஜான் மர்டாக் இன்வர்னஸ் நகரில் ‘ஹைலேண்டர்’ என்ற பத்திரிகை தொடங்கி, குடியானவன் பக்கம் நின்று எழுதினார். ஸ்கையில் பிறந்த மேரி மெக்ஃபர்சன் நில உரிமைக்காகக் கேலிக் மொழியில் பாட்டுக் கட்டினார். அந்தம்மாவுக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதி, 1891இல் அது புத்தகமானது.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சான்னா இல்லை. நிலச்சுவான்தார்கள் அப்படியேதான் இருந்தார்கள். 1972இல் பிரையன் வில்சன் என்ற இளைஞர் கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து ஸ்கையில் ‘வெஸ்ட் ஹைலேண்ட் ஃப்ரீ பிரஸ்’ வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். பத்திரிகைப் பேரோட கேலிக் மொழியில் மூணே வார்த்தை போட்டாங்க: நிலம், மொழி, மக்கள். நம்மள்ல எத்தனை பேர் அந்த மூணையும் ஒரே மூச்சுல சொல்றோம்?

பக்கத்துல ராசே என்று சின்னத் தீவு. அங்கே முக்கியமான சொத்துகளை வாங்கிப்போட்ட டாக்டர் ஒருத்தர், எங்கோ தெற்கே இங்கிலாந்தில் இருந்துகொண்டு, படகுத்துறை கட்ட இடம் தரமாட்டேன்னு வருஷக்கணக்கா இழுத்தடித்தார். ‘டாக்டர் நோ’ன்னு பத்திரிகைகள்ல அவருக்குப் பேரே விழுந்தது. ஃப்ரீ பிரஸ் அவரை விடவே இல்லை. லண்டன் பேப்பருக்கு அது ஒரு நாள் வேடிக்கைச் செய்தி. உள்ளூர்ப் பேப்பருக்கு வாராவாரம் பதில் கேட்க வேண்டிய விஷயம்.

அதே ராசேயின் வட கோடியில் கேலம் மெக்லவுட் என்ற விவசாயி. சுற்றியிருந்த சனம் ஒவ்வொன்றா ஊரைவிட்டுப் போனது. ரோடு போடுங்கன்னு கேட்டுக்கேட்டு அலுத்துப்போய், 1960களின் நடுவில் தானே இறங்கிட்டார். மண்வெட்டி, கடப்பாரை, தள்ளுவண்டி. சுமார் பத்து வருஷத்தில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ரோடு! முடிக்கும்போது அந்தப் பக்கம் குடியிருந்தது அவர் வீடு மட்டும்தான். 1980களில்தான் அரசாங்கம் தார் போட்டது. அவர் கதையை 2006இல் புத்தகமாக எழுதிய ரோஜர் ஹட்சின்சன், இதே ஃப்ரீ பிரஸ்ஸில் எழுதிவந்தவர்.

நான் சொல்ல வர்றது இதுதான். ராசேயில் பிறந்த பெரிய கவிஞர் சோர்லி மெக்லீனை உலகமே கொண்டாடியது. மண்வெட்டி பிடிச்ச கேலமை யார் கண்டுக்குவா? உள்ளூர்ல இருந்து எழுதுறவன்தான் இரண்டு பேரையும் ஊரின் பெரிய மனுஷங்கன்னு சமமா மதிப்பான்.

2009இல் அந்தப் பத்திரிகையை அதில் வேலை பார்த்தவர்களே வாங்கினார்கள். உழுதவனுக்கே நிலம் மாதிரி, எழுதினவனுக்கே பத்திரிகை.

டவுன்ல இருக்கிற நண்பர்களே, உங்களுக்கும் சொந்த ஊர்னு ஒண்ணு இருக்கும். ஏரி மதகு உடைஞ்சதையும் புறம்போக்கு கைமாறினதையும் அங்கே எழுதி வைக்க ஆள் இருக்கான்னு விசாரிங்க. யாராவது நாலு பேர் ஒரு சின்னத் தாளா அச்சடிச்சு விட்டாங்கன்னா, சந்தா கட்டிப் படிங்க. அந்த ஊர்ல வாழறவங்களுக்கு அது பெரிய பலம்.