எண் போடாத நோட்டு

சுவர் இடிந்தால் மழையைக் குறை சொல்லலாம். எங்கள் பணம் விழுந்ததற்கு எந்த மழையும் காரணமில்லை. கணக்கில்லாமல் அச்சடித்தவன் ஒருவன் இருந்தான். அது செல்லாது என்று அறிவித்தவன் ஒருவன் இருந்தான். கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் ஒன்றும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவன் ஒருவன் இருந்தான். மூவரில் ஒருவரும் இன்றுவரை எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

எண்ணூரில் பர்மா நகர் என்று ஓர் இடம் இருப்பது, அனல்மின் நிலையச் சாம்பலோ வாயுக் கசிவோ செய்தியாகும் நாட்களில்தான் சென்னைக்கு ஞாபகம் வரும். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார், செகண்ட் லைன் பீச்சில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கடைகள். இதெல்லாம் ருசியான விஷயமாக எழுதப்படுகிறது. பர்மாவிலிருந்து இங்கே வந்து இறங்கியவர்கள் கையில் ஏன் ஒன்றுமே இல்லை என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை.

எங்கள் தெருவில் ஓர் ஆயா வைத்திருக்கும் நோட்டை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பத்து ரூபாய். ஜப்பானிய அரசாங்கம் என்று ஆங்கிலத்தில் அச்சு. ஒரு பகோடா படம். பர்மாவுக்கானது என்பதற்கு அடையாளமாக ‘பி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஒரு குறி. வரிசை எண் இல்லை. எத்தனை அடித்தோம் என்று கணக்கு வைக்கும் எண்ணமே இல்லாதவன் அடித்த நோட்டு அது. ஆயாவின் அப்பா ஒரு நாள் முழுக்க மூட்டை தூக்கி வாங்கிய கூலி.

“ஆயா, இத வச்சி இன்னா வாங்கப் போற?” என்று கேட்டேன்.

“வாங்கறதுக்கு இல்லப்பா. குடுக்க வேண்டியவன் எவனாச்சும் வந்தா காட்டறதுக்கு.”

இரண்டாம் உலகப் போரில், 1942 மார்ச்சில், பர்மாவின் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அதற்கு முன்னும் பின்னும் லட்சக்கணக்கான இந்தியர்கள் அஸ்ஸாம் வழியாகக் காட்டிலும் மலையிலும் நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். நடக்கத் தெம்பில்லாதவர்கள், வழிச்செலவுக்குக் காசில்லாதவர்கள் அங்கேயே தங்கினார்கள். அவர்கள் தலையில்தான் இந்த நோட்டு விழுந்தது. படைக்கு அரிசி வேண்டுமா, தேக்கு வேண்டுமா, கூலியாள் வேண்டுமா, அடித்துக் கொடு. வரி வசூலிக்கும் சிரமம்கூட இல்லை. போருக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. கப்பல் நின்றது, ரயில் பாதைகளில் குண்டு விழுந்தது. ஐராவதி டெல்டாவில் நெல் மக்கிக் கிடக்க, வடக்கே ஜனம் பசியில் கிடந்தது. துணி வரத்தே இல்லை. சந்தையில் சரக்கு சுருங்கச் சுருங்க நோட்டு பெருகிக்கொண்டே போனது. 1944இல் நூறு ரூபாய் நோட்டும் வந்தது. போர் முடிவதற்குள் விலைவாசி நூற்றுக்கணக்கான மடங்கு ஏறிவிட்டது. நிலமும் தங்கமும் வைத்திருந்தவன் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறினான். அன்றாடம் கூலி வாங்கித் தின்றவனுக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருந்தது?

மலாயாவிலும் இதே கதைதான். நாளுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டி, சயாம் ரயில் பாதை போடத் தமிழர்களைத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோனார்கள். கொடுத்தது வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு. உயிரோடு திரும்பியவன் மடியில் இருந்தது காகிதம்.

1945இல் திரும்பி வந்த வெள்ளைக்காரன் ஜப்பான் நோட்டு எதுவும் செல்லாது என்றான். எதிரி அடித்தது அவனுக்குச் செல்லாதுதான். ஆனால் அதற்காக உழைத்தவன் எதிரியா? அந்த உடம்பு வலியும் செல்லாததா?

என் வயிறு அதிகம் எரிவது அடுத்ததற்கு. 1952 ஜூன் 9 அன்று டோக்கியோவில் இந்தியா ஜப்பானோடு சமாதான உடன்படிக்கை செய்தது. போர் இழப்பீடு எதுவும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. பெருந்தன்மை என்று இன்றும் புகழ்கிறார்கள். பெருந்தன்மையை அவரவர் பையிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். மூட்டை தூக்கியவன் கூலியை விட்டுக்கொடுக்க டெல்லிக்கு யார் உரிமை கொடுத்தது? அவனிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? பர்மா கேட்டது, வாங்கியது. 1954 ஒப்பந்தப்படி 20 கோடி டாலர். அதில் பலூச்சாங் நீர்மின் நிலையம் எழுந்தது. நல்லது, அந்த நாட்டுக்கு விளக்கெரியட்டும். எங்கள் ஆட்களின் நோட்டுக்கு எந்தப் பக்கமிருந்தும் பதில் வரவில்லை.

பட்டது போதாதென்று 1964. மார்ச்சில் பர்மாவின் நே வின் ராணுவ அரசு கடைகளை அரசுடைமையாக்கியது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. ஜப்பான் காலத்துக்குப் பிறகு இருபது வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்ததும் போனது. கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களை அகதி என்று எழுதிக்கொண்டார்கள். அங்கேயே நின்றுவிட்டவர்களுக்கு 1985இல் மறுபடி, 1987இல் மறுபடி. 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளைச் செல்லாதாக்கியபோது மாற்றிக்கொள்ளக்கூட வழி வைக்கவில்லை.

மாதத்துக்கு ஐம்பது சதவீதத்துக்கு மேல் விலை ஏறினால் அது மிகைப் பணவீக்கம் என்று 1956இல் பொருளியலாளர் ஃபிலிப் கேகன் வரையறுத்தார். பாடம் நடத்துகிறவர்கள் 1923 ஜெர்மனியைச் சொல்வார்கள், ஜிம்பாப்வேயின் நூறு லட்சம் கோடி டாலர் நோட்டைக் காட்டுவார்கள். ரங்கூன் வராது, கோலாலம்பூர் வராது. கூலித் தமிழன் இழந்தது பொருளாதாரத்தில் சேராதோ? 2022 மார்ச்சில் விலைவாசி தாங்காமல் இலங்கையிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தனுஷ்கோடி மணல் திட்டில் வந்து இறங்கினார்களே, அவர்களையும் நான்கு நாள் படம் பிடித்துவிட்டு மறந்தாயிற்று. இன்று மியான்மரில் 2021க்குப் பிறகு கியாட் மறுபடி சரிந்து கிடக்கிறது. இன்னும் அங்கே இருக்கும் தமிழர்களின் சேமிப்பை யார் விசாரித்தார்கள்?

யாராவது மூட்டை கட்டிப் பணம் கொண்டுவருவார்கள் என்று நாங்கள் காத்திருக்கவில்லை. 1952இல் எங்கள் பெயரில் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று அரசு எழுதி வைக்கட்டும். பர்மா நகரிலும் மற்ற குடியிருப்புகளிலும் அந்தக் காலத்தைக் கண்ணால் கண்ட கிழவர் கிழவிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கதவைத் தட்டி, உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு போனது என்று கேட்டு எழுதட்டும். கூலி கொடுத்தவன்தான் எண் போடவில்லை. நம் அரசாவது போடக் கூடாதா?