மழை மேல் பழி போடாதீர்கள்



தென்மேல் பருவமழை மாவனல்லை, அரநாயக்க மலைகளில் இறங்கிவிட்டால் நம் லயங்களில் ஒரே பேச்சுதான். "குளிர் இறங்கிருச்சு, முட்டி வலிக்குது." "ராத்திரி கெண்டை பிடிச்சு இழுத்துருச்சு, கண்ணை மூடவே இல்லை." காலையில் பெரட்டில் இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்பதும் நமக்குத் தெரியும். "மழைக்காலம்னா அப்படித்தான். வாதம். வயசாகுதுல்ல." டிஸ்பென்சரிக்குப் போனால் பத்து மாத்திரை. அத்தோடு கதை முடிந்தது.

வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைக் கேட்டால், "ராத்திரி அம்மாவுக்குக் கால் அமுக்கி விட்டேன்" என்கிறது. அந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. முப்பத்தைந்தில் என்ன வயோதிகம்? எந்த வாதம்?

மழைக்கும் மூட்டு வலிக்கும் சம்பந்தமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2,658 பேரின் வலியை நாள்தோறும் பதிவு செய்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். காற்றில் ஈரம் கூடி, காற்றழுத்தம் குறைந்து, காற்றும் பலமாக வீசும் நாட்களில் வலி சற்றுக் கூடுகிறது என்றார்கள். அமெரிக்காவில் முதியவர்கள் வைத்தியரிடம் போன ஒரு கோடிக்கும் மேற்பட்ட தடவைகளை ஆராய்ந்து 2017இல் வந்த இன்னொரு ஆய்வோ, மழை நாளுக்கும் மூட்டு வலிக்கும் தொடர்பே தெரியவில்லை என்றது. ஆக, மழை ஏதாவது செய்தாலும் ஏற்கனவே இருக்கும் வலியைக் கொஞ்சம் தூண்டிவிடும், அவ்வளவுதான். நல்ல முட்டியை மழை தேய்க்காது. தேய்த்தது யார் என்பதுதான் நம் கேள்வி.

கெண்டைப் பிடிப்பை முதலில் எடுப்போம். களைத்துப்போன தசைதான் இரவில் சுருண்டு பிடிக்கிறது. நாள் முழுக்க நிற்பது, வேர்வையில் நீரும் உப்பும் போவது, குடிக்கும் தண்ணீர் போதாமை இதையெல்லாம் மோசமாக்கும். நம் பெண்கள் ஏன் மலையில் தண்ணீர் குடிப்பதில்லை? தாகம் இல்லாமலா? மலையில் ஒதுங்க ஓர் இடமில்லை. காலையில் ஒரு பிளேன்டீ, பிறகு மத்தியானம் வரை வாயைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கிறார்கள். அடக்கி அடக்கிச் சிறுநீரிலும் கிருமி வருகிறது. இது வானம் செய்த வேலையா? ஒரு மலசலகூடம் கட்டாததன் விளைவு இது.

இனி முட்டி. செங்குத்தான மலையில் ஏறி இறங்குவது, பாரம் சுமப்பது, குந்துவது, முழந்தாளிடுவது முட்டித் தேய்மானத்தை விரைவாக்கும் என்பது வைத்திய உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. இறப்பர் மலையில் பால் வெட்டும் நம் தோழர்கள் விடியுமுன் போய் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்கிறார்கள், பிறகு பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வழுக்கும் சரிவில் இறங்குகிறார்கள். தேயிலை மலையில் நனைந்த கொழுந்தின் பாரத்தோடு கூடை தலையிலிருந்து தொங்குகிறது. சர்வதேச தொழில் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில், நெடுநேரம் முழந்தாளிட்டோ குந்தியோ செய்யும் வேலையால் முழங்கால் சவ்வு பழுதாவதும் இருக்கிறது. உலகம் அதைத் தொழில் நோய் என்கிறது. நம் தோட்டத்தில் அதற்குப் பெயர் "வாதம்".

இதற்கு மேல் கிலோக் கணக்கு. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. 2024இல் 1,350 ஆனது. போராடி வாங்கிய காசு அது. ஆனால் 1,000 வந்த கையோடு பல தோட்டங்களில் ஒரு பேருக்கு எடுக்க வேண்டிய கிலோவும் ஏறியது. எட்டாதவருக்கு அரைப் பேர். வலி வந்தால் கொஞ்சம் நின்று காலை நீட்டி மடக்கலாம், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அரைக் கிலோ போய்விடும். ஆகவே யாரும் நிற்பதில்லை. ஏற்றிய கூலியை நம் முட்டியிலிருந்தே திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள்.

நிர்வாகம் சொல்லும்: "கிராமத்து ஆட்களுக்கும் முட்டி வலிக்கிறது. பழைய கிழவிகள் அறுபது வயது வரை கொழுந்து எடுக்கவில்லையா?" கிராமத்து ஆள் தன் சொந்தத் துண்டில் வலித்தால் உட்காருவான், அவனுக்கு அரைப் பேர் போட ஆளில்லை. அந்தக் கிழவிகள் அறுபதுக்குப் பிறகு எப்படி நடந்தார்கள் என்று நம் இஸ்தோப்புகளைப் பார்த்தால் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள்.

எல்லா வலியும் வேலையால் வருவதல்ல. இதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். சேற்றில், கானில் நின்று வேலை செய்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் கடுமையாக வலித்தால், கண் சிவந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். நம் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் அது அதிகம். ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிக்குன்குனியா வந்து போன பிறகு மூட்டு வலி மாதக்கணக்கில் நிற்கலாம். நடந்தால் கெண்டை வலித்து, நின்றால் விடுகிறது என்றால் இரத்தக் குழாய் அடைப்பா என்று பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் பொறுக்கக் கூடாது. சீனி வருத்தம், கர்ப்பம், சில பிரஷர் மாத்திரைகள்கூடப் பிடிப்பைக் கொண்டுவரும். இரத்தம் குறைந்தவர்களுக்கு இரவில் கால் ஒரு நிலையில் நிற்காமல் குடையும். வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், என்ன வேலை செய்கிறோம் என்பதையும் சேர்த்து.

வலி மாத்திரையைக் கடையில் வாங்கி மிட்டாய் போல விழுங்காதீர்கள். டைக்ளோபினாக் போன்றவை வெறும் வயிற்றில் புண்ணாக்கும். தண்ணீர் குடிக்காத உடம்பில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரவில் பிடித்தால் முட்டியை மடக்காமல் காலை நீட்டி, பாதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். தசை இளகும். படுக்கப் போகும் முன்னும் இப்படிச் செய்யலாம்.

இந்த இடத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் உண்டு. தொழிற்சங்கங்களாகிய நாம் இத்தனை வருடம் எதைப் பேசினோம்? ரூபாயைப் பேசினோம். முட்டியைப் பேசவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் மலசலகூடத்தைப் பற்றிப் பேச ஆண் தலைவர்களுக்கு வெட்கம். மாதாமாதம் சந்தா கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை மறந்துவிட்டோம். அது நம் தவறு. இனி அப்படி இருக்கக் கூடாது.

ஆகவே நாம் கேட்பது இவை:

ஒவ்வொரு மலைக்கும் கிட்ட, கதவும் தண்ணீரும் உள்ள மலசலகூடம். வேலைத்தளத்தில் கொதித்தாறிய குடிநீர்.

கொழுந்து நிறுப்பது ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது, மலைக்குக் கிட்டவே. பாரத்தோடு மடுவம் வரை நடக்க வைக்கக் கூடாது.

மலைப் பாதைகளுக்குப் படி. மழைக்கு உடுப்பும், வழுக்காத சப்பாத்தும்.

முட்டி, இடுப்பு வருத்தத்துக்கு வைத்தியர் துண்டு கொடுத்தவருக்கு, பேர் குறைக்காமல் இலகு வேலை.

நம் பக்கத்து வேலையும் இருக்கிறது. வலி என்று டிஸ்பென்சரிக்குப் போனால் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். மலையில் வழுக்கி விழுந்தால் அன்றே எழுத்தில் அறிவியுங்கள், ஒரு பிரதியைத் தோட்டக் கமிட்டியிடம் கொடுங்கள். வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. எழுத்து இல்லாததால்தான் அது நமக்குப் பயன்படாமல் கிடக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் பின்னேரம் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குப் பெண்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். "வாதம்" என்று இனி யாராவது சொன்னால், நேற்று எத்தனை கிலோ எடுத்தோம், எத்தனை தடவை தண்ணீர் குடித்தோம் என்று எண்ணிச் சொல்லுங்கள். மழையை நிறுத்த யாராலும் முடியாது. மலையில் ஒரு மலசலகூடம் கட்ட முடியும்.