கடிதத்துக்குக் கீழ்ப்படிந்தவர்கள்



நாபோத்தின் திராட்சத்தோட்டக் கதையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். ஆகாப் ஆசைப்பட்டான், யேசபேல் சதி செய்தாள், எலியா தீர்ப்புச் சொன்னார் என்று மூன்று பேரோடு கதையை முடித்துவிடுவது நம் வழக்கம். 1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நாம் கவனிக்காமல் விட்ட ஒரு கூட்டம் அங்கே நிற்கிறது.

ஆகாப் முதலில் கேட்டதில் தவறொன்றும் இல்லை. அரண்மனைக்குப் பக்கத்து நிலம். கீரைக்கொல்லை போட வேண்டும். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் விலை தருகிறேன் என்றான். நாபோத் மறுத்தான். அது பிதாக்கள் விட்டுச் சென்ற சொத்து. நிலத்தை நிரந்தரமாக விற்கக் கூடாது என்று லேவியராகமம் 25-இல் கட்டளையும் இருக்கிறது. அரசன் என்ன செய்தான்? கட்டிலில் படுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பிட மறுத்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் இப்படிச் செய்தால் முதுகில் இரண்டு வைப்போம்!

யேசபேல் அரசன் பெயரில் கடிதம் எழுதி, அவன் முத்திரையைப் போட்டு, நாபோத்தின் ஊர் மூப்பருக்கும் பெரியோருக்கும் அனுப்பினாள். உபவாசம் அறிவியுங்கள்; நாபோத்தை மக்கள் முன்னே உட்கார வையுங்கள்; இரண்டு போக்கிரிகளைக் கொண்டு, அவன் தேவனையும் அரசனையும் தூஷித்தான் என்று சாட்சி சொல்ல வையுங்கள்; பிறகு கல்லெறிந்து கொல்லுங்கள்.

சாட்சி ஏன் இரண்டு பேர்? மரண தண்டனைக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்பது மோசேயின் சட்டம். கொலையைக்கூடச் சட்டப்படிதான் செய்தார்கள். உபவாசமும் இருந்ததால் பக்திக்கும் குறைவில்லை.

நாபோத் எப்படிப்பட்டவன் என்று ஒரே ஊரில் வாழ்ந்த மூப்பருக்குத் தெரியாதா? ஒருவராவது எதிர்த்துப் பேசியதாக வேதம் சொல்லவில்லை. காரியம் முடிந்ததும் ஆள் அனுப்பிச் செய்தி சொன்னார்கள். யாருக்கு? கடிதம் வந்தது ஆகாப் பெயரில். பதில் போனதோ யேசபேலுக்கு! எழுதியது யார் என்பதை அறிந்தே கல்லை எடுத்திருக்கிறார்கள்.

ஆபீசிலோ, சங்கத்திலோ, ஏன் நம் சபைக் கமிட்டியிலோ, “மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய?” என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று வாசிக்க வேண்டும்.

ஆகாப் கடிதம் எழுதவில்லை, கல்லும் எறியவில்லை. ஆனாலும் கொலை செய்தவன் என்றே எலியா அவனைக் குற்றஞ்சாட்டினார். அவன் இரட்டுடுத்தி உபவாசித்துத் தன்னைத் தாழ்த்தியபோது, அவன் வீட்டுக்கு வரவிருந்த தீங்கைக் கர்த்தர் அவன் மகனுடைய நாட்களுக்குத் தள்ளி வைத்தார். அத்தனை கெட்டவனுக்கும் அந்தத் தவணை கிடைத்தது.

மூப்பர்களைப் பற்றி அந்த அதிகாரம் மேலும் ஒன்றும் சொல்லவில்லை. 2 இராஜாக்கள் 10-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். ஆகாபின் மகன் யோராமையும் கொன்றுவிட்ட யெகூ, சமாரியாவிலிருந்த பிரபுக்களுக்கும் மூப்பருக்கும் கடிதம் எழுதுகிறான். அதே ஆட்கள் என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் அதே பதவி, மறுபடியும் ஒரு கடிதம். ஆகாபின் குமாரர் 70 பேரும் இவர்கள் பொறுப்பில் வளர்ந்தவர்கள். இரண்டாவது கடிதம் வந்ததும் 70 பேரையும் வெட்டி, தலைகளைக் கூடைகளில் வைத்து யெஸ்ரயேலுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் யெகூ வாசலில் வந்து நின்று ஜனங்களைக் கேட்டான்: என் எஜமானை நான் கொன்றேன், சரி, இவர்களையெல்லாம் கொன்றது யார்?

இந்த இரண்டு அதிகாரங்களையும் இந்த வாரக் குடும்ப ஜெபத்தில் சேர்த்தே வாசியுங்கள். பெரிய பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பதில் ஏன் யேசபேலுக்குப் போயிற்று என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.