“ஒண்ணுமில்ல”ன்னு சொல்லாதீங்க டாக்டர்

நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம் ஒன்று இருக்கிறது. “ஈ.சி.ஜி. நார்மல். உங்களுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க.” கேட்டதும் நிம்மதியா இருக்கும். அடுத்த தடவை நெஞ்சு படபடக்கிற வரைக்கும்தான் அந்த நிம்மதி.

இந்த “ஒண்ணுமில்ல”வுக்கு எதிராத்தான் இந்தப் பதிவு. இதயத்துக்கு ஒண்ணுமில்ல என்பது வேற, ஆளுக்கு ஒண்ணுமில்ல என்பது வேற. முதலாவது உண்மை, டெஸ்ட்ல தெரிஞ்சது. ரெண்டாவது, பேரும் வைத்தியமும் உள்ள ஒரு நோயை இல்லைன்னு சொல்லி அனுப்புறது. (பதட்டம் தப்பு, ‘பதற்றம்’தான் சரின்னு தமிழ் வாத்தியார்கள் சொல்லுவாங்க. மன்னிக்கணும். வர்ற நேரத்துல வாயில பதட்டம்னுதான் வருது :-) )

என் கதை சுருக்கமா. 2022 பிப்ரவரி, மின்சார ரயில், கிண்டி தாண்டி அடையாறு பாலத்து மேல போய்க்கிட்டிருக்கு. காரணமே இல்லாம நெஞ்சு அடிச்சுக்க ஆரம்பிச்சது. விரல் மரத்துப் போச்சு, மூச்சு முட்டுது, செத்துடுவோம்னு சந்தேகமே இல்லாம தோணுது. பத்து நிமிஷத்துல அடங்கியும் போச்சு. அடுத்த மூணு மாசத்துல நாலு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ, ஒரு டிரெட்மில், 24 மணி நேரம் மாட்டிக்கிட்டுத் திரியற ஹோல்டர், கடைசியா ஒரு எண்டோஸ்கோப்பி. எல்லாம் நார்மல். ஒருத்தர் கேஸ்னார். இன்னொருத்தர் “பொட்டி தட்டுற பசங்க எல்லாருக்கும் இதான்பா”ன்னு சிரிச்சார். ஊர்ல அம்மா கண்ணேறுன்னு முடிவு பண்ணி மிளகாய் சுத்திப் போட்டாங்க. நெடியே வரலையாம். அந்த மூணு மாசத்துல பாசிட்டிவா வந்த ஒரே டெஸ்ட் ரிசல்ட் அதுதான்.

டெஸ்ட் எடுத்ததை நான் குறை சொல்லலை. தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும், ரத்தசோகையிலும் வரும், இதயத் துடிப்புக் கோளாறிலும் வரும். முதல் தடவை நெஞ்சு வலிச்சா ‘நெட்ல படிச்சேன், இது பேனிக்தான்’னு வீட்ல உட்கார்ந்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. என் கேள்வி எல்லாம் டெஸ்ட் முடிஞ்ச பிறகு நடக்கிறதைப் பத்தி. ரிப்போர்ட்டை மடிச்சுக் கையில கொடுத்தவங்க ஒருத்தர்கூட ‘இது வேற ஒண்ணா இருக்கலாம், இந்த டிபார்ட்மெண்ட்ல போய்ப் பாருங்க’ன்னு ஏன் சொல்லலை?

இது புது நோயும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல சண்டை போட்ட சிப்பாய்களுக்குப் படபடப்பு, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி இருந்தும் இதயத்தில் கோளாறு எதுவும் தெரியலைன்னு டா கோஸ்டா என்கிற டாக்டர் 1871-லேயே எழுதி வெச்சிருக்கார். அமெரிக்க மனநல மருத்துவர்களோட நோய்ப் பட்டியல்ல ‘பேனிக் டிஸார்டர்’ தனிப் பேரோட இடம் பிடிச்சது 1980-ல. டேவிட் கிளார்க் என்கிற பிரிட்டிஷ் உளவியலாளர் இது எப்படி வேலை செய்யுதுன்னு 1986-ல ஒரு விளக்கம் கொடுத்தார். நான் படிச்சதுல என் மண்டைக்கு ஏறினது அதுதான், ஏன்னா அது ஒரு லூப்.

நெஞ்சு கொஞ்சம் வேகமா அடிக்குது. காபியா இருக்கலாம், மாடிப்படியா இருக்கலாம். மூளை அதை ‘மாரடைப்பு’ன்னு தப்பா மொழிபெயர்க்குது. உடனே பயம், உடனே அட்ரினலின், நெஞ்சு இன்னும் வேகமா அடிக்குது. ‘பார்த்தியா, நான் சொன்னேன்ல’ங்குது மூளை. கூடவே நாம வேகவேகமா மூச்சு விட ஆரம்பிக்கிறோம். அதுல ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையுது, அதனால விரல் மரத்துப் போகுது, தலை சுத்துது. அதுவும் சாவோட அறிகுறியாத் தெரியுது. பிரேக் கண்டிஷனே எழுதாத வைல் லூப். உடம்பு இங்கே நடிக்கலை. அலாரம் நிஜமாவே அடிக்குது, தீதான் எங்கேயும் இல்லை.

இப்ப “ஒண்ணுமில்ல”வை இந்த லூப்ல வெச்சுப் பாருங்க. டாக்டர் சொன்னதும் பயம் இறங்குது. ரெண்டு நாள்ல ‘அந்த மெஷின் சரியா வேலை செஞ்சுதா?’ன்னு ஒரு சந்தேகம் முளைக்கும். அடுத்த ஈ.சி.ஜி. திரும்ப நிம்மதி, திரும்ப சந்தேகம். ஆறுதல் கேட்டு ஓடுறதே நோயோட ஒரு பாகமா ஆயிடுது. அதனாலதான் அந்த வார்த்தை உதவாத வார்த்தை மட்டும் இல்லை, நோய்க்குத் தீனி போடுற வார்த்தைன்னும் சொல்றேன்.

சரி, இனி மாத்திரை மேட்டருக்கு வருவோம். இதுல எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி.

எங்க பெரியம்மா, விருதுநகர் பக்கம். 2011-ல பெரியப்பா தவறினப்ப தூக்கம் வரலைன்னு பக்கத்துத் தெரு டாக்டர் அல்பிரசோலம் எழுதிக் கொடுத்தார். பாயிண்ட் டூ ஃபைவ், ஒரு வாரத்துக்கு. அந்த ஒரு வாரம் பன்னிரண்டு வருஷம் ஓடுச்சு. நடுவுல பாயிண்ட் ஃபைவ் ஆச்சு, அப்புறம் ராத்திரிக்கு ரெண்டு ஆச்சு. சீட்டு எப்பவோ கிழிஞ்சு போச்சு, மருந்துக்கடைக்காரர் முகத்தைப் பார்த்தே அட்டையை எடுத்து நீட்டுவார். “பெரியம்மா, இதை தினமும் போடச் சொன்னது யாரு?”ன்னு ஒரு தடவை கேட்டேன். “யாரு சொல்லணும்? போட்டா தூக்கம் வருது, போடலைன்னா வரலை. வந்துட்டான் பெரிய டாக்டரு”ன்னாங்க.

2023-ல ஒரு ராத்திரி பாத்ரூம் போறப்ப விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சது. இந்த வகை மாத்திரை வயசானவங்களுக்குத் தள்ளாட்டத்தைக் கூட்டும், விழுற ஆபத்தும் கூடும். ஆஸ்பத்திரியில ‘வேற என்ன மருந்து சாப்பிடறாங்க?’ன்னு கேட்டப்ப வீட்ல எல்லாரும் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரைன்னு ஒப்பிச்சாங்க. இதை ஒருத்தரும் சொல்லலை, ஏன்னா எங்க வீட்டு அகராதியில அது மருந்தே இல்லை, ‘தூக்கத்துக்குப் போடுறது’. ரெண்டு நாள் மாத்திரை இல்லாம போனதும் கை கால் உதறல், பேச்சுல குழப்பம். வயசாயிடுச்சுன்னு நினைச்சோம். ஒரு நர்ஸ் அக்காதான் பெரியம்மாவோட சுருக்குப்பையில இருந்த அட்டையைப் பார்த்துட்டுப் போய் டூட்டி டாக்டர்கிட்ட காட்டினாங்க. அப்புறம் மனநல டாக்டர் வந்து, ஏழெட்டு மாசமா கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்தினார். இதைப் படிச்சுட்டு வீட்ல யாரோட அட்டையையாவது தூக்கிக் குப்பையில போட்டுடாதீங்க மக்களே. பல வருஷம் சாப்பிட்டவங்க சட்டுனு நிறுத்தினா வலிப்புகூட வரலாம்.

சட்டம் இல்லாம இல்லை. 2013-ல கொண்டு வந்த ஷெட்யூல் எச்-1-ல அல்பிரசோலம் இருக்கு. சீட்டு இல்லாம விற்கக்கூடாது, வித்தா தனிப் பதிவேட்டுல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். எழுதுறாங்களான்னு உங்க தெருமுனைக் கடையில போய் நின்னு பாருங்க.

இந்த மாத்திரைகளோட பிரச்சனை, அரை மணி நேரத்துல அது அற்புதமா வேலை செய்யுறதுதான். நெருக்கடியில ஒரு டாக்டர் சில நாளுக்குக் கொடுத்தா அதுல தப்பில்லை. ஆனா பேனிக் நோய்க்கு இந்த வகை மாத்திரையை எழுதக்கூடாது, நீண்ட நாள்ல பலன் மோசம்னு இங்கிலாந்தோட நைஸ் அமைப்பு தன் வழிகாட்டியில சொல்லியிருக்கு. நம்ம ஊர்ல இன்னொரு கூத்து, எஸ்சிட்டலோப்ராமும் குளோனாசெபாமும் ஒரே மாத்திரையில கலந்து வருது. முதலாவது மெதுவா வேலை செஞ்சு நோயைக் குறைக்கிறது, ரெண்டாவது உடனே அமுக்குறது. சாப்பிடுறவருக்கு உள்ளே ரெண்டு மருந்து இருக்கிறதே தெரியாது. அட்டையின் பின்பக்கத்தைப் படிங்க, ப்ளீஸ்.

எனக்குச் சரியான வைத்தியம்னு அமைஞ்சது ரெண்டு. ஒண்ணு மாத்திரை, அந்த ‘மெதுவா’ ரகம். அதைப் பத்தி ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். முதல் வாரம் பதட்டம் குறையாது, சிலருக்குக் கூடவே செய்யும். பலன் தெரிய ரெண்டுலேர்ந்து ஆறு வாரம் ஆகலாம். என் டாக்டர் இதை முதல் நாளே சொல்லி, குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சார். சொல்லாம விட்டிருந்தா நான் நாலாவது நாளே நிறுத்தியிருப்பேன். ‘மாத்திரை எனக்கு ஒத்துக்கலை’ன்னு சொல்ற பல பேர் இந்த ஒரு வார இடைவெளியில தொலைஞ்சவங்கதான்னு என் சந்தேகம். நல்லானதும் நிறுத்துறதும் இல்லை, அதுக்கப்புறமும் பல மாசம் தொடரணும், நிறுத்தும்போது படிப்படியா இறங்கணும்.

இன்னொண்ணு சி.பி.டி. கவுன்சலிங்னா சோபாவுல சாய்ஞ்சு சின்ன வயசுக் கதை சொல்லணும்னு நினைச்சுத்தான் போனேன். அந்தம்மா ஒரு ஸ்டாப்வாட்சை எடுத்து வெச்சுட்டு, “ஒரு நிமிஷம் வேகவேகமா மூச்சு விடுங்க, நானும் உங்ககூட விடுறேன்”னாங்க. நாற்பதாவது செகண்டுல விரல் மரத்துது, தலை சுத்துது. ரயில்ல வந்த அதே சமாச்சாரம், ஒண்ணு விடாம. “மாரடைப்பு வந்துச்சா?”ன்னு கேட்டாங்க. அடுத்த வாரம் சுழல் நாற்காலியில உட்கார வெச்சுச் சுத்திவிட்டாங்க. அப்புறம் ஸ்ட்ரா வழியா மூச்சு. அப்புறம் மூணு மாடி ஓடி ஏறு. பயப்படுற உணர்வையே வேணும்னு வரவழைச்சு, ஒண்ணும் ஆகலைன்னு உடம்புக்கே காட்டுறதுதான் டெக்னிக். ஆறுதல் வார்த்தை ஒண்ணுகூடக் கிடையாது. என் தோள்பையில இருந்த தண்ணி பாட்டில், அவசர மாத்திரை, கதவோரம் நிக்கிற பழக்கம், இதை எல்லாம் ஒவ்வொண்ணா விடச் சொன்னாங்க. ‘இது இருந்ததாலதான் பிழைச்சேன்’னு மூளை கணக்கு எழுதிக்குதாம். வீட்டுப்பாடமா ஆபீஸ் லிஃப்ட், அப்புறம் மின்சார ரயில், முதல்ல ஒரு ஸ்டேஷன், அப்புறம் மூணு. பயம் நூத்துக்கு எவ்வளவுன்னு நோட்டுல மார்க் போடணும். கிண்டி பாலத்துல முதல் நாள் 90. இறங்கி ஓடலை. திரும்பத் திரும்பப் போனதுல பதினொண்ணாவது தடவை 35.

பேனிக்குக்கு இந்த சிகிச்சை மொத்தமே 7-லேர்ந்து 14 மணி நேரம்னு அதே நைஸ் வழிகாட்டி சொல்லுது. ஒரு எண்டோஸ்கோப்பிக்கு நான் அலைஞ்சது அதைவிட அதிக நேரம்!

ஆனா இது எத்தனை பேருக்குக் கிடைக்குது? இங்கிலாந்துல மேலே சொன்ன அதே கிளார்க்கும், லேயர்டு என்கிற பொருளாதார நிபுணரும் சேர்ந்து, ‘பேச்சு சிகிச்சைக்கு ஆகுற செலவை அதுவே திருப்பிக் கொடுத்துடும்’னு அரசாங்கத்துக்கிட்ட வாதாடினாங்க. 2008-லேர்ந்து அங்கே திட்டமாவே ஓடுது, டாக்டர் சீட்டு இல்லாம நாமளே நேராப் போய்ப் பதிவு பண்ணிக்கலாம். இங்கே 2015-16-ல நடந்த தேசிய மனநல ஆய்வு, நோயைப் பொறுத்து 70-லேர்ந்து 92 சதவீதம் பேருக்கு சிகிச்சையே போய்ச் சேரலைன்னு சொல்லுச்சு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல வந்தது. உடல் நோய்க்குக் கொடுக்கிற மாதிரியே மன நோய்க்கும் இன்ஷூரன்ஸ் கொடுக்கணும்னு அதுல தெளிவா இருக்கு. ஆனா நம்ம பாலிசிகள் பெரும்பாலும் படுக்கையில சேர்ந்தாத்தான் காசு கொடுக்கும். பதட்ட நோய்க்கு யாருங்க அட்மிட் ஆகுறா? ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை யோகாவுக்குச் செலவழிக்கிற கம்பெனிகள், இந்தப் பத்துப் பன்னிரண்டு சந்திப்புகளை குரூப் பாலிசியில சேர்த்தா எவ்வளவோ புண்ணியம். யோகா மேல எனக்கு விரோதம் இல்லை, பேனிக் வர்ற நேரத்துல அதுவும் ஒரு தண்ணி பாட்டில் ஆயிடக்கூடாது, அவ்வளவுதான்.

காசு இல்லைன்னா கதவே இல்லைன்னும் நினைக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு, மாவட்ட மனநலத் திட்டம் இருக்கு. ‘கீழ்ப்பாக்கம்’னா சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்த கிண்டல் ஒண்ணு நாக்குல ரெடியா நிக்குது. 1794-ல ஆரம்பிச்ச அந்த இடத்துல இன்னைக்குப் புறநோயாளியாப் போய், பார்த்துட்டு, மாத்திரை வாங்கிட்டு மதியம் ஆபீஸ் போறவங்க இருக்காங்க. தனியார்ல பேச்சு சிகிச்சைக்குப் போறதா இருந்தா, கிளினிகல் சைக்காலஜிஸ்ட்டா, ஆர்.சி.ஐ. பதிவு இருக்கா, பேனிக்குக்கு எக்ஸ்போஷர் செய்வீங்களான்னு போன்லயே கேட்டுடுங்க. கேள்வி கேட்டதுக்குக் கோவிச்சுக்கிறவர் வேண்டாம்.

பி.கு. 1: டெலி-மானஸ், 14416. 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, இலவசம், தமிழ்லயே பேசலாம்.

பி.கு. 2: எனக்கு என்ன பிராண்டு, எத்தனை மில்லிகிராம்னு ஆபீஸ்ல ரெண்டு பேர் கேட்டாச்சு. சொல்ல மாட்டேன் :-) டாக்டர் நம்பர் வேணும்னா தர்றேன்.