காயத்தை மறைத்து ஆடலாமா?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

விளையாட்டுத் திடலில் வீரம் என்று நாம் கைதட்டும் செயல் ஒன்றைப் பற்றி இம்மலரில் எழுத விரும்புகிறேன். கட்டுப் போட்ட காலோடும் வீங்கிய கையோடும் 'ஆடியே தீருவேன்' என்று இறங்குவதைத்தான் சொல்கிறேன். அந்தக் கைதட்டலை வாங்கியவன் நான். அதற்கு என்ன விலை என்பதையும் கண்டவன்.

ஹாக்கி மட்டை பிடித்த மாணவர்களுள் பல்பீர் சிங் கதையைக் கேளாதவர் குறைவு. 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைவர் அவர். ஆப்கானிஸ்தானுடன் நடந்த முதல் ஆட்டத்தில் 14-0 என்று வென்றோம். அதில் ஐந்து கோல்கள் அவருடையவை. அதே ஆட்டத்தில் அவருடைய வலக்கை விரல் முறிந்தது. அப்படியிருந்தும் கட்டோடும் வலி மரத்துப்போகப் போட்ட ஊசியோடும் இறுதியாட்டத்தில் இறங்கினார். பாகிஸ்தானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றோம். கதையை இவ்விடத்தில் நிறுத்திவிடுவார்கள். நமக்கும் மெய் சிலிர்க்கும்.

நடுவில் நடந்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவுடன் ஆடியபோது அவர் இறங்கவில்லை. சிங்கப்பூருடன் ஆடியபோதும் இறங்கவில்லை. அவரில்லாமலேயே 16-0, 6-0 என்று வென்றார்கள். ஜெர்மனியுடன் நடந்த அரையிறுதியில்தான் திரும்ப வந்தார். காயத்தை மறைத்தார்கள் என்பது உண்மையே. ஆனால் யாரிடம் மறைத்தார்கள்? எதிரணியிடம். பல்பீரைக் காவல் காக்க அவர்கள் இரண்டு ஆட்களை ஒதுக்கினால் மற்ற நம்மவர்களுக்கு வழி கிடைக்குமே என்ற கணக்கு அது. இறுதியாட்டத்தின் ஒரே கோலை அடித்தவரும் ரந்தீர் சிங் ஜென்டில்தான். தம் அணியிடம் பல்பீர் எதையும் மறைக்கவில்லை. ஓய்வும் அந்தக் கதையின் ஒரு பாதி அன்றோ!

'எதிரில் நின்றவை எளிய அணிகள், அதனால் ஓய்வு கொடுக்க முடிந்தது' என்று சிலர் சொல்லக்கூடும். சரிதான். எனக்கும் அப்படி ஓர் எளிய ஆட்டம் வாய்த்தது என்பதுதான் என் வருத்தம்.

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியில் நம் அணி லீக் சுற்றின் இரண்டாவது ஆட்டத்திலேயே அரையிறுதியை உறுதி செய்துவிட்டது. அந்த ஆட்டத்தின் கடைசி நேரத்தில், செம்மண் தரையில் இருந்த ஒரு குழியில் என் வலக் கணுக்கால் மடங்கிற்று. மூன்றாவது ஆட்டத்தில் வென்றாலும் தோற்றாலும் ஒன்றுதான். அன்று நான் உட்கார்ந்திருக்கலாம். உடற்கல்வி இயக்குநர், "கால் எப்படி இருக்கு?" என்று கேட்கவும் செய்தார். "ஒண்ணுமில்லை சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அரையிறுதிக்குத்தான் வருவார்கள் என்று பேச்சு. ஒருமுறை வெளியே உட்கார்ந்தால் ரைட் ஹாஃப் இடம் கைமாறிப் போகும் என்ற அச்சம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ காவல் துறையிலோ ஒரு வேலை என்பது எங்களுக்குப் பொழுதுபோக்குப் பேச்சன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தந்தை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிக்கு லேத்து ஓட்டுபவர். கட்டைவிரல் கிழிந்த நாளிலும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவார். வீட்டில் இருந்தால் அன்றைய கூலி இல்லை. காயத்தை மறைப்பதை நான் திடலில் கற்கவில்லை, வீட்டில் கற்றேன்.

மூன்றாவது ஆட்டத்தை ஆடி முடித்தேன். அரையிறுதியன்று காலை பட்டாபிராம் மின்ரயிலில் நின்றுகொண்டு வர முடியவில்லை. ஆடுகளத்தில் மட்டும் எப்படி ஓடுவேன்? இடைவேளைக்குப் பின் எதிரணியின் லெஃப்ட் விங் ஆட்டக்காரர் என்னை இரண்டு முறை தாண்டிப் போனார். இரண்டும் கோல். பிறகு என்னை வெளியே அழைத்துவிட்டு, தொடர் முழுவதும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த நண்பனை இறக்கினார்கள். பூந்தமல்லியிலிருந்து நாள்தோறும் காலை ஆறு மணிப் பயிற்சிக்குத் தவறாமல் வருபவன் அவன். அந்தத் தொடரில் அவன் பந்தைத் தொட்டது அந்தப் பத்து நிமிடந்தான். நான் நொண்டிக்கொண்டே வெளியேறியபோது நம் மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவனுக்காக யாரும் கைதட்டவில்லை. பந்து ஒருமுறை அவன் மட்டையைத் தாண்டியபோது கூச்சல்தான் போட்டார்கள்.

இதே சிக்கல் உலகக் கோப்பையிலும் வந்தது. 2023 ஜனவரி 15 அன்று ரூர்கேலாவில் இங்கிலாந்துடன் ஆடியபோது ஹர்திக் சிங்கிற்குத் தொடையின் பின்தசையில் காயம் ஏற்பட்டது. நடுக்களத்தின் உயிர்நாடி போன்றவர் அவர். வேல்ஸுடன் நடந்த அடுத்த ஆட்டத்தில் அவரை உட்கார வைத்தார்கள். தோற்றால் வெளியேற வேண்டிய நியூசிலாந்து ஆட்டம் 22ஆம் தேதி. பெயரை நீக்கி வேறொருவரைச் சேர்த்தால் அத்தொடரில் ஹர்திக் மறுபடி ஆட இயலாது; நீக்காவிட்டால் ஓர் ஆள் குறைவாக இறங்க வேண்டும். அவரை நீக்கிவிட்டு ராஜ்குமார் பாலைச் சேர்த்தார்கள். 2-0, 3-1 என்று முன்னணியில் இருந்தும் 3-3 என்று சமநிலைக்கு வந்து, ஷூட்-அவுட்டில் 4-5 என்று தோற்றோம். ஹர்திக்கை எப்படியாவது ஆட வைத்திருக்கலாம் என்று பேசுவோர் இன்றும் உண்டு. நான் அதை ஏற்க மாட்டேன். அதே ஆண்டு ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் ஹர்திக் ஆடினார். இறுதியாட்டத்தில் மலேசியாவை 4-3 என்று வென்றோம். கிழிந்த தசையோடு ஜனவரியில் இறங்கியிருந்தால் சென்னை ரசிகர்கள் அவரைக் கண்டிருப்பார்களோ, என்னவோ!

பெஞ்சில் இருப்பவரைத் திடீரென்று இறக்கினால் என்ன என்று கேட்போர் அஸ்லம் ஷேர் கானைக் காட்டுவார்கள். 1975 உலகக் கோப்பை அரையிறுதியில், கோலாலம்பூரில், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது மலேசியாவுக்கு எதிராகப் பெனால்டி கார்னரில் சமன் கோல் அடித்தவர் அவர். உண்மை. ஆனால் அவருக்குத் தரப்பட்ட வேலை ஒன்றுதான். அதில் அவர் கைதேர்ந்தவர். ஆட்டம் முழுவதும் ஒரு விங்கரைத் துரத்திப் பிடிக்கும் வேலைக்கு அந்த உதாரணம் பொருந்தாது. அதற்கு ஆட்டப் பழக்கம் வேண்டும். லீக் ஆட்டங்களில் இறக்கினால்தானே அது வரும்? பல்பீர் காலத்தில் நடுவில் ஆள் மாற்ற விதியே இல்லை. இன்றோ எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். விதி கொடுத்ததை நாம்தான் பயன்படுத்துவதில்லை.

காயம் பட்டவனிடம் 'ஆடுவாயா?' என்று கேட்பது வீண் கேள்வி. என்னைப் போன்றவன் ஆடுவேன் என்றுதான் சொல்வான். வெற்றியை எதிர்பார்த்து நிற்கும் பயிற்சியாளரிடம் அதைத் தீர்மானிக்கச் சொல்வதும் அவருக்கு இழைக்கும் கொடுமை. அரையிறுதிக்கு முன் ஒரு நாள் அரசு மருத்துவமனைக்கு எல்லோரையும் அழைத்துப் போய், அங்குள்ள மருத்துவர் வேண்டாமென்றால் வேண்டாம் என்று இருக்கலாம். இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அணியில் உள்ள அனைவருக்கும் ஒரே சான்றிதழும் ஒரே வருகைச் சலுகையும் உண்டு என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், பாதிப் பொய்கள் பிறக்கவே மாட்டா. பேராசிரியப் பெருமக்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

என் கணுக்கால் இன்னும் முழுதாகத் தேறவில்லை. அம்பத்தூர் ரயில் நிலையப் படிகளில் இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். வரும் ஜூலையில் அணித் தேர்வு. அதற்குள் சரியாகாவிட்டால் ரைட் ஹாஃபில் பூந்தமல்லி நண்பனே முதல் ஆட்டத்திலிருந்து ஆடட்டும் என்று ஒரு தாளில் எழுதி உடற்கல்வி இயக்குநரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். "அது இருக்கட்டும். முதல்ல ஷூவைக் கழட்டு, காலைப் பார்க்கிறேன்" என்றார்.