இரண்டு விரல் உயரம்

இந்த வாரம் ஊரில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுத்தார்கள். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் வந்த திட்டம். விழாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனசு முழுக்க எதிர்வீட்டுச் சைக்கிள்தான் நிற்கிறது.

அது போன வருஷம் கொடுத்த வண்டி. அந்த வீட்டுப் பெண் இப்போது பிளஸ் டூ. ஒரே வருஷத்தில் நன்றாக வளர்ந்துவிட்டாள், சீட்டை இரண்டு விரல் ஏற்ற வேண்டும். போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தோம், சீட் பைப் அசையவே இல்லை. மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறப்போட்டுத் திருகினோம். சீட்டு மட்டும் சுற்றியது. "பரவாயில்ல மாமா, இப்படியே ஓட்டிக்கிறேன்" என்றாள். அந்தப் பிள்ளை முட்டி மடங்க மடங்க மிதித்துக்கொண்டு போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மழையில் நனைந்ததால் துரு என்கிறார்கள். முத்துப்பேட்டையில் மழை இரும்புக்கு நல்லதுகூடச் செய்யும், படிந்த உப்பைக் கழுவிவிடும். கெடுப்பது காயல் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று. சோடியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் கசியத் தொடங்கும். ஆனால் கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். நம் ஊர்க் காற்று அவ்வளவு வறண்டு கிடக்கிற நாள் ஏது? சித்திரை வெயிலிலும் வண்டியின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் ஈரம் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். கல்லுப்பு ஜாடி கசிகிற அதே கதை. துரு, இரும்பைவிடப் பருமன் கூடியது. இடுக்கில் உப்பிக்கொண்டு பைப்பை நெரித்துவிடுகிறது.

மறுபடியும் அலையாத்திக் காடா என்று தொடர்ந்து படிப்பவர்கள் கேட்பீர்கள். ஆமாம், மறுபடியும்தான். அலையாத்தி மரம் உப்புச் சேற்றில் நின்றுகொண்டு, உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. படகில் போகும்போது ஓர் இலையைத் தடவிப் பாருங்கள், விரல் நுனி கரிக்கும். தினமும் தன்னைத் தானே துடைத்துக்கொள்கிற மரம் அது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. இரும்புக்கு அந்த வித்தை தெரியாது, நாம்தான் துடைத்துவிட வேண்டும்.

அடிபம்பு உப்புத் தண்ணீரால் அல்ல, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால். பிறகு காய்ந்த துணியால். செயினுக்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும். சமையல் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்கேறி மணலைப் பிடித்துக்கொள்ளும். பாலிதீன் உறை போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். முக்கியமாக, புதுச் சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்றே சீட் பைப்பை உருவிக் கிரீஸ் தடவிச் செருகிவிடுங்கள். பிள்ளைகள் வளர்வார்கள் என்பது தெரிந்ததுதானே.

வெள்ளிக்கிழமை சைக்கிள் கடைக்காரர் பெரிய பைப் ரிஞ்சைப் போட்டுத் தம் பிடித்துத் திருகினார். கிறீச்சென்று பைப் கழன்றது. ஃபிரேமைக் கவிழ்த்துத் தட்டியபோது செங்கல் பொடி மாதிரி ஒரு கை துரு கொட்டியது. புதுப் பைப், கை நிறையக் கிரீஸ், சீட்டு இரண்டு விரல் மேலே. சனிக்கிழமை காலை ஸ்பெஷல் கிளாஸுக்குக் காலை நன்றாக நீட்டி மிதித்துக்கொண்டு போனாள்.