மதம் மாறாமல் புத்தர் வழியில் நடக்க முடியுமா? தலைவலிக்காகப் போன ஒரு வியாபாரியின் கதை!

ஹாலில் டி.வி-க்குப் பக்கத்தில் ஒரு புத்தர் சிலை. கிரகப்பிரவேசத்துக்கு யாரோ பரிசாகக் கொடுத்தது. முருகனும் பிள்ளையாரும் பூஜையறையில் இருக்க, இவருக்கு மட்டும் ஷோகேஸில் இடம். பூ வைப்பதில்லை, கற்பூரம் காட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை தூசு தட்டும்போது இவரையும் ஒரு தட்டு தட்டுவார்கள். அவ்வளவுதான். இப்படிப்பட்ட வீடுகள் நம் ஊரில் ஏராளம்.

அந்த வீட்டுப் பிள்ளை ஒருநாள், "பத்து நாள் விபாசனா கேம்ப் போறேன்மா" என்று சொல்லும்போதுதான் பிரச்னை ஆரம்பிக்கிறது. "போனை வாங்கி வெச்சுக்குவாங்களாமே... யாரோடயும் பேசக் கூடாதாமே... மதம் மாத்திடுவாங்களாடா?" என்று கேட்பார் அம்மா.

சிரித்துவிட்டுக் கடந்து போகும் கேள்வி இல்லை இது. 1955-ம் ஆண்டு பர்மாவின் ரங்கூன் நகரத்தில், ஒரு பெரிய வியாபாரிக்கும் இதே பயம் வந்தது. அவர் பெயர் சத்ய நாராயண் கோயங்கா.

மார்ஃபினுக்கும் அடங்காத தலைவலி

கோயங்கா 1924-ல் பர்மாவின் மாண்டலே நகரில் பிறந்தவர். மார்வாடிக் குடும்பம். இளம் வயதிலேயே வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தார். பர்மாவில் வாழ்ந்த இந்துக்களிடையே செல்வாக்கான பிரமுகராகவும் இருந்தார். பணம், பெயர், குடும்பம் எல்லாம் இருந்தன. கூடவே கடுமையான ஒற்றைத் தலைவலியும் இருந்தது.

வலி வந்தால் மார்ஃபின் ஊசிதான். அது பழக்கமாகி, அடிமைத்தனத்தில் கொண்டுபோய் விட்டுவிடுமோ என்று டாக்டர்களுக்கே கவலை. வெளிநாடுகளுக்கெல்லாம் போய்ப் பார்த்தார். பலன் இல்லை. அப்போதுதான் ஒரு நண்பர், "ஊ பா கின்னிடம் போய்ப் பாருங்களேன்" என்றார்.

ஊ பா கின் காவி கட்டிய துறவி இல்லை. பர்மா அரசின் தலைமைக் கணக்காயராக இருந்தவர். குடும்பஸ்தர். அலுவலக வேலையையும் பார்த்துக்கொண்டு, 1952-ல் ரங்கூனில் ஒரு தியான மையத்தையும் தொடங்கி நடத்திவந்தார்.

கோயங்கா அவரிடம் போய், தலைவலி தீர வேண்டும் என்றார். ஊ பா கின் மறுத்துவிட்டார். தலைவலிக்கு மருந்தாக தம்மத்தைக் கேட்பது அதன் மதிப்பைக் குறைப்பது, மனதின் அழுக்கைப் போக்கிக்கொள்ள வேண்டும் என்றால் வாருங்கள், தலைவலி போவது அதோடு சேர்ந்து நடந்தால் நடக்கட்டும் என்பது அவருடைய நிலை.

இப்போது தயக்கம் கோயங்காவின் பக்கம் வந்தது. 'நாம் ஓர் இந்து சமூகப் பிரமுகர். இங்கே வந்தால் பௌத்தராக மாற்றிவிடுவார்களோ?' ஊ பா கின் இதற்கு நீண்ட விளக்கம் எதுவும் சொல்லவில்லை. இங்கே கற்றுக்கொடுப்பது மூன்றுதான்: ஒழுக்கம், மன ஒருமை, ஞானம். பாலி மொழியில் சீலம், சமாதி, பஞ்ஞா. இவற்றில் எதற்காவது உங்கள் மதத்தில் ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். கோயங்காவால் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. பயிற்சியில் சேர்ந்தார்.

தலைவலி போனது. ஆனால், அவர் அதோடு நின்றுவிடவில்லை. 14 ஆண்டுகள் அந்த ஆசிரியரிடம் பயின்றுவிட்டு, 1969-ல் இந்தியா வந்தார். மும்பையில் நடத்திய முதல் முகாமில் கலந்துகொண்டவர்களில் அவருடைய பெற்றோரும் உண்டு. 2013-ல் மறையும்வரை அவர் சொல்லிவந்தது ஒன்றுதான்: புத்தர் கற்றுத்தந்தது வாழும் முறை. அதைப் பழக மதத்தை மாற்ற வேண்டியதில்லை.

கேம்ப்பில் அப்படி என்னதான் நடக்கிறது?

சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' என்ற மையம் இருக்கிறது. கோயங்கா வழி முகாம்கள் அங்கே நடக்கின்றன. உலகில் எங்கு போனாலும் முறை ஒன்றுதான்.

அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். ஒரு நாளைக்குச் சுமார் 10 மணி நேரம் தியானம். போன், புத்தகம், பேனா எதுவும் கிடையாது. பத்தாவது நாள் காலைவரை சக பயிற்சியாளர்களோடு பேச்சு இல்லை. சந்தேகம் இருந்தால் ஆசிரியரிடம் கேட்கலாம். முதல் மூன்று நாள்கள் மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்க வேண்டும். நான்காம் நாளிலிருந்து உடம்பில் தோன்றும் உணர்ச்சிகளை. கால் மரத்துப்போகும், முதுகு வலிக்கும், எங்காவது அரிக்கும். உடனே சொறியாமல், 'இது வந்தது, இது போகும்' என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எதுவும் நிலைப்பதில்லை என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்குப் பதிலாக, உடம்பிலேயே பார்ப்பதுதான் பயிற்சி.

தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் இல்லை. முன்பு பயிற்சி முடித்தவர்கள் தரும் நன்கொடையில்தான் எல்லாம் நடக்கிறது. தீவிர மனநலப் பிரச்னை உள்ளவர்கள் விண்ணப்பத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பயிற்சி அவர்களுக்கான சிகிச்சை ஆகாது என்று மையங்களே தெளிவாகச் சொல்கின்றன.

அம்மாவின் கேள்விக்கு இங்கே நேர்மையான பதில் ஒன்று சொல்ல வேண்டும். முகாமின் தொடக்கத்தில் பாலி மொழியில் சரணம் சொல்லும் வழக்கம் உண்டு. ஒரு மனிதரிடமோ ஒரு மதத்திடமோ அடைக்கலம் ஆவதில்லை அது, விழிப்பு போன்ற குணங்களை நாடுவதுதான் என்று விளக்கம் தரப்படும். முகாம் நடக்கும் நாள்களில் மட்டும் அவரவர் பூஜை, ஜபம், விரதம் போன்றவற்றை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். முடிந்தபின் வீட்டுக்கு வந்து விளக்கேற்றுவதையோ, தொழுகை செய்வதையோ, சர்ச்சுக்குப் போவதையோ யாரும் தடுப்பதில்லை.

1994 ஏப்ரலில் டெல்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு கோயங்காவே முகாம் நடத்தினார். அப்போது சிறைத்துறைத் தலைவராக இருந்தவர் கிரண் பேடி. பல மதத்தினரும் உட்கார்ந்து எழுந்தார்கள். அதற்காக யாரும் மதம் மாற வேண்டியிருக்கவில்லை.

அம்பு பாய்ந்தவன் கேட்ட கேள்வி

'சரி, மறுபிறவி, கர்மா இதையெல்லாம் நம்பினால்தானே பௌத்தம்?' என்று அடுத்த கேள்வி வரும்.

பாலி நூல்களில் மாலுங்க்யபுத்தர் என்ற சீடர் ஒருவர் வருகிறார். உலகம் நிரந்தரமானதா, இல்லையா? உயிரும் உடலும் ஒன்றா, வேறா? இதற்கெல்லாம் பதில் சொன்னால்தான் உங்களோடு இருப்பேன் என்று புத்தரிடம் மல்லுக்கு நின்றார். புத்தர் ஓர் உவமை சொன்னார். விஷ அம்பு பாய்ந்து ஒருவன் கிடக்கிறான். வைத்தியர் அம்பைப் பிடுங்க வருகிறார். எய்தவன் என்ன குலம், என்ன உயரம், வில்லின் நாண் எதனால் ஆனது என்று தெரிந்தால்தான் பிடுங்க விடுவேன் என்கிறான். அதற்குள் அவன் செத்துப்போவான்.

துக்கம் இருக்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது, அது தீரும், தீர்வதற்கு வழி இருக்கிறது. புத்தர் வலியுறுத்திய நான்கு உண்மைகள் இவை. துறவியாக இருந்து பின்னர் இல்லறத்துக்குத் திரும்பிய ஸ்டீபன் பேச்சலர், 1997-ல் எழுதிய தன் நூலில் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். மறுபிறவி பற்றித் 'தெரியாது' என்று நேர்மையாகச் சொல்லிவிட்டும் இந்த வழியில் நடக்கலாம் என்பது அவர் வாதம். மரபான பௌத்தர்கள் பலர் இதை ஏற்பதில்லை. மறுபிறவியை எடுத்துவிட்டால் புத்தரின் போதனையே பாதியாகிவிடும் என்கிறார்கள். வாதம் இன்னும் முடியவில்லை. அம்பு பாய்ந்தவர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே உவமை தரும் ஆறுதல்.

நிம்மதி மட்டும் போதுமா?

மதத்தை விட்டுவிட்டு தத்துவத்தை மட்டும் எடுக்கப்போனால், வசதியான பாதி மட்டும் கையில் வந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1979-ல் ஜான் கபட்-ஜின் என்பவர், நாள்பட்ட வலியும் மன அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். எட்டு வாரப் பயிற்சி. அவர் கற்றது பௌத்த தியானம். ஆனால், மத வார்த்தைகளைக் கவனமாகத் தவிர்த்தார். மருத்துவமனை வாசலை மிதிக்கும் யாரும் தயங்கக் கூடாது என்பதுதான் காரணம். பலருக்கு அது உதவியது. இன்று 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற பெயரில் ஆப்களிலும், ஐ.டி கம்பெனி டிரெய்னிங்குகளிலும் நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த விதையிலிருந்து முளைத்ததுதான்.

அதே அமெரிக்காவில், மேலாண்மைப் பேராசிரியர் ரொனால்ட் பர்சர் 2019-ல் ஒரு நூல் எழுதி இதைச் சாடினார். வேலைப்பளுவைக் குறைக்காமல், மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னால் யாருக்கு லாபம் என்பது அவர் கேள்வி.

ஊ பா கின் சொன்ன வரிசையை நினைத்துப் பாருங்கள். முதலில் சீலம், பிறகுதான் சமாதி. கொல்லாமை, திருடாமை, பாலுறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, போதை தவிர்த்தல் என்ற ஐந்தையும் ஏற்ற பிறகே முகாமில் கண்ணை மூடச் சொல்கிறார்கள். பிழைக்கும் தொழிலுக்கும் புத்தர் வரம்பு கட்டியிருக்கிறார். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதைப்பொருள், விஷம் ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைக்கக் கூடாது என்கிறார். மதத்தின் பெயரை ஏற்காதவருக்கு இதில் சலுகை எதுவும் இல்லை. சொல்லப்போனால், பெயரும் இல்லாமல் ஒழுக்கமும் இல்லாமல் போனால், மிச்சம் இருப்பது ஷோகேஸ் சிலைதான்.

மாறியே ஆக வேண்டியவர்களும் உண்டு

கோயங்கா தன் மதத்தில் மதிப்பான இடத்தில் இருந்தார். அதை விட்டு விலக அவருக்கு எந்தக் காயமும் காரணமாக இருக்கவில்லை. எல்லோருக்கும் அப்படியா?

"இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன்" என்ற பொருளில் 1935-ல் இயோலாவில் அறிவித்தார் டாக்டர் அம்பேத்கர். 21 ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். தீண்டாமையைச் சுமந்தவர்களுக்குப் பழைய பெயரே சுமை. புதிய பெயர்தான் விடுதலை. நம் சென்னையில் அதற்கும் முன்பே, 1898-ல், அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றுவந்து, சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார்.

அவர்களிடம் போய், 'தத்துவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதாதா, மதம் எதற்கு?' என்று கேட்க முடியாது. 'பெயர் முக்கியம் இல்லை' என்று சொல்வது, பெயரால் அடிபடாதவர்களுக்கு எளிது. ஷோகேஸில் புத்தரை வைத்திருக்கும் வீட்டில், இதையும் ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

ஆனால், ஒன்றைக் கவனிக்கலாம். நாக்பூர் மைதானத்தில் அன்று ஏற்கப்பட்டதும் பஞ்சசீலம்தான். பத்து நாள் முகாமில் ஏற்கப்படுவதும் ஏறக்குறைய அதே ஐந்துதான். மாறியவருக்கும் மாறாதவருக்கும் புத்தர் கொடுக்கும் வீட்டுப்பாடம் ஒன்றே.

இந்த வாரம் முயன்று பார்க்க...

பத்து நாள் லீவு எல்லோருக்கும் கிடைக்காது. வீட்டிலிருந்தே தொடங்க மூன்று விஷயங்கள்:

காலையில் போனைத் தொடுவதற்கு முன் 10 நிமிடம் உட்காருங்கள். மூச்சைக் கட்டுப்படுத்த வேண்டாம். போவதையும் வருவதையும் பார்த்தால் போதும். மனம் ஓடும். ஓடியது தெரிந்ததும் திரும்ப அழைத்துவாருங்கள்.

ஐந்து சீலங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'பொய் சொல்லாமை' நல்ல தொடக்கம். "வந்துட்டே இருக்கேன்" என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்வதும், உண்மையா என்று பார்க்காமல் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்வதும் இதில் சேரும்.

கோபம் வரும்போது உடம்பில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். காது சூடாகிறதா, நெஞ்சு படபடக்கிறதா? பதில் சொல்வதற்கு முன் நான்கைந்து மூச்சு அதைக் கவனியுங்கள்.

கேசபுத்தம் என்ற ஊரின் காலாமர்கள், எந்த குருவை நம்புவது என்று குழம்பியபோது புத்தர் சொன்னதும் இதைத்தான். வழிவழியாக வந்தது என்பதற்காகவோ, குரு சொன்னார் என்பதற்காகவோ ஏற்க வேண்டாம். செய்து பாருங்கள், அறிந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள். கேடு தருவதை விட்டுவிடுங்கள், நன்மை தருவதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் முடிந்து பிள்ளை வீடு திரும்பும்போது, மதம் மாறிவிட்டானா என்று அம்மா தேட வேண்டாம். சாம்பாரில் உப்பு குறைந்த அன்று அவன் என்ன சொல்கிறான் என்று பார்த்தால் போதும்.